கருவிகள் ஓய்ந்த பிறகு

உத்தாலக ஆருணிக்குத் தம் மகனைப் பற்றி ஒரு கவலை இருந்தது. 12 வயதில் குருகுலம் போன சுவேதகேது, வேதம் முழுவதையும் கற்றுக்கொண்டு 24 வயதில் வீடு திரும்பினான். படிப்போடு தலைக்கனமும் சேர்ந்தே வந்திருந்தது. சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயம் முழுக்க அந்த அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதுதான். 'தத்துவமசி' என்ற மகாவாக்கியம் அங்கேதான் ஒன்பது முறை வருகிறது. அத்வைதிகளும் துவைதிகளும் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடிய இடம் அது.

அந்தப் பெரிய வாக்கியம் வருவதற்கு முன்பே, அதே உரையாடலில் ஒரு சோதனை நடக்கிறது. அப்பா சொல்கிறார்: 15 நாள் சாப்பிடாமல் இரு, தண்ணீர் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் குடித்துக்கொள். பிள்ளை அப்படியே இருந்தான். அதற்கடுத்த நாள் வந்து நின்றவனிடம், ருக்கும் யஜுஸும் சாமமும் சொல் என்றார். பன்னிரண்டு வருஷம் உருப்போட்ட பாடம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்பினார். சாப்பிட்டு வந்ததும் கேட்டதையெல்லாம் சொன்னான். அப்பா தந்த விளக்கம் சுருக்கமானது: மனம் சோற்றால் ஆனது, உயிர்மூச்சு தண்ணீரால் ஆனது. தண்ணீர் குடித்ததால் மூச்சு நின்றுபோகவில்லை. சோறு இல்லாததால் நினைவு போயிற்று.

உபநிடதம் வாசிக்கிறவர்களில் பலர் இந்த இடத்தில் நிற்காமல் மகாவாக்கியத்துக்கு ஓடிவிடுவார்கள். எனக்கு என்னவோ இந்த இடத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. ஆன்மாவைப் பற்றி இந்த மண்ணில் நடந்த மிகப் பழைய பேச்சுகளில் ஒன்று இது. நினைவு உடம்பைச் சேர்ந்தது, உடம்பு வாடினால் அதுவும் வாடும் என்பதை முதலில் ஒப்புக்கொண்ட பிறகுதான் அது ஆன்மாவின் பக்கமே திரும்புகிறது. அந்த நேர்மைக்காகவே அந்த அப்பாவைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். அம்மாவுக்கு அடுத்தபடி என்னைத் தூக்கி வளர்த்தவள். சில வருஷங்களாக அவளுக்கு மறதி நோய். முதலில் அடுப்பில் பால் வைத்ததை மறந்தாள். பிறகு தெருப்பெயர், அதற்கும் பிறகு ஆட்களின் பெயர். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி மருத்துவர் விளக்கினார்: மூளையில் புது நினைவுகளைப் பதிந்து வைக்கும் பகுதி முதலில் சுருங்குகிறது, பழைய நினைவு அப்புறம்தான் போகும், கை பழகிய வேலை இன்னும் தள்ளிப் போகும். 1906-ல் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் முதன்முதலாக விவரித்த நோய் இது.

அன்று வெளியே வந்ததும் அக்காவின் மகன் என்னைக் கேட்டான்.

"மாமா, நீங்க சித்தாந்தமெல்லாம் படிச்சவங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அம்மா உள்ள இருக்காங்களா, இல்லையா?"

ஐம்பது வயது ஆள். குரல் உடையாமல் கேட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆதீனத்தார் நடத்திய சைவ சித்தாந்த வகுப்பில் வருஷக்கணக்காக உட்கார்ந்து பாடம் கேட்டவன் நான். உயிர், உடல், கருவி, மலம் என்று நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருக்கிறேன். அத்தனையும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தானே என்று தோன்றியது. "இருக்காங்கப்பா" என்றேன். சொன்னால் மட்டும் போதுமா? எப்படி இருக்கிறாள், எங்கே இருக்கிறாள் என்று சொல்ல வேண்டாமா?

எங்கள் ஊர் விருத்தாசலம். பக்கத்திலேயே பெண்ணாடம். யானை படுத்திருப்பதுபோல் பின்பக்கம் வளைந்த விமானம் உள்ள தூங்கானைமாடக் கோயில் இருக்கும் ஊர். அந்த ஊரில் பிறந்து திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்தவர் மெய்கண்டார். 13-ஆம் நூற்றாண்டு. அவர் எழுதிய சிவஞானபோதம் 12 சூத்திரம், மொத்தம் 40 அடி, அவ்வளவுதான். பதினெட்டாம் நூற்றாண்டில் மாதவச் சிவஞான முனிவர் அந்த நாற்பது அடிக்கு மாபாடியம் என்று ஒரு பேருரை எழுதினார். அதைப் படித்து முடிக்க ஒருவருக்குப் பல வருஷம் ஆகும்.

சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்று நிறுவ வருவது. கண்ணை மூடிக்கொண்டு நம்பு என்று மெய்கண்டார் அங்கே சொல்லவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டு, இது உயிரா, இது உயிரா என்று விசாரித்து விலக்கிக்கொண்டே போகிறார். உடம்புதான் நான் என்றால், என் உடம்பு என்று எப்படிச் சொல்கிறாய்? உடையவனும் உடைமையும் ஒன்றாக முடியாதே. சரி, கண்ணும் காதும்தான் நான் என்றால், கண்ணுக்குக் கேட்காது, காதுக்குத் தெரியாது. பார்த்தவனும் கேட்டவனும் நானே என்று ஐந்தையும் சேர்த்து அறிகிறவன் யார்? புலன்களெல்லாம் ஒடுங்கிக் கிடக்கும்போது கனவு கண்டு, விழித்ததும் அதைச் சொல்கிறவன் யார்? மூச்சுதான் உயிர் என்பாயானால், தூங்கும்போதும் மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அப்போது உண்பதும் இல்லை, ஒரு வேலையும் இல்லையே. எல்லாவற்றையும் இதுவல்ல, இதுவல்ல என்று தள்ளிக்கொண்டே வந்து கடைசியில் ஒன்றுமே இல்லை என்று முடிப்பாயானால், அப்படித் தள்ளியது ஒன்று இருந்தாக வேண்டுமே.

இந்த விசாரணையில் என்னை அதிகம் தொட்டது நான்காம் சூத்திரம். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற உட்கருவிகள் நான்கும்கூட உயிர் அல்ல என்கிறது அது. அவை மந்திரிகள், உயிர் அரசன். எடுத்து வைப்பது சித்தத்தின் வேலை, துணிந்து முடிவு செய்வது புத்தியின் வேலை. நினைவு என்று நாம் கொண்டாடுவது ஒரு மந்திரியின் உத்தியோகம். மந்திரி ஓய்வு பெற்றுவிட்டால் அரசனுக்குச் செய்தி வராது. அரசன் செத்துப்போனதாக அதற்கு அர்த்தம் இல்லை.

இது சைவ சித்தாந்தத்துக்கு மட்டும் உரிய பேச்சும் அல்ல. சாங்கியர்கள் புத்தி, அகங்காரம், மனம் மூன்றையும் பிரகிருதி என்ற சடப்பொருளிலிருந்து வந்தவை என்றே வைத்தார்கள். அறிவாக நிற்கும் புருடன் அவற்றுக்கு வேறு. நியாய வைசேடிகர்களோ மனத்தை அணு என்றார்கள். அது ஆன்மாவோடு கூடும்போது அறிவு பிறக்கும், கூடாதபோது பிறக்காது என்பது அவர்கள் கொள்கை. ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாதவர்கள் பலரும் இந்த ஒன்றில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள்: மனம் சடம். நுட்பமான சடம்தான், ஆனாலும் சடம். இன்றைக்கு மூளைப் படத்தைக் காட்டி நினைவு இங்கேதான் இருக்கிறது என்று ஒரு மருத்துவர் சொன்னால் நம் தத்துவம் இடிந்துபோய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். உத்தாலகர் அன்றைக்கே அதைப் பிள்ளைக்குச் செய்து காட்டிவிட்டார்.

எதிர்த்து நின்றவர்கள் உலகாயதர்கள். வெற்றிலையிலும் பாக்கிலும் சுண்ணாம்பிலும் தனித்தனியே இல்லாத சிவப்பு, மூன்றும் சேர்ந்தால் வாயில் வருகிறதே. அப்படித்தான் பூதங்கள் கூடினால் அறிவு வரும், பிரிந்தால் போகும் என்றார்கள். லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிற மதங்களை எடுத்துப் பேசும் பரபக்கத்தை உலகாயதத்தில்தான் தொடங்குகிறார். எதிராளியின் வாதத்தை முதலில் அவன் வாயாலேயே முழுசாகச் சொல்ல விட்டு, அப்புறம் மறுப்பார். நம்புகிறவன் கற்றுக்கொள்ள வேண்டிய மரியாதை அது.

அக்காவிடம் திரும்புகிறேன்.

பெயர்கள் எல்லாம் போன பிறகும் அவளுக்குப் பூத்தொடுப்பது மறக்கவில்லை. சின்ன வயதில் பழமலைநாதர் கோயிலுக்குச் சாயங்காலப் பூ எங்கள் வீட்டிலிருந்து போகும், கட்டுவது அவள்தான். மல்லிகை மொட்டைத் தாம்பாளத்தில் கொட்டி, நனைத்த வாழைநாரை மடியில் போட்டால் போதும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு ஒட்டிப் பிடித்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையம் போட்டு மொட்டுகளுக்கு மேலே மாட்டி ஓர் இழுப்பு இழுப்பாள். அடுத்த நாலு மொட்டு அதற்குள் இடக்கையில் வந்திருக்கும். கண் எங்கேயோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். சரம் முழம் முழமாக வளரும். மகன் பேர் தெரியாத கைக்கு முடிச்சின் இறுக்கம் தெரிந்திருந்தது.

அதைப் பார்த்துப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் ஒரு தெம்பு. "பாருங்க, அம்மா இருக்காங்க, கையில இருக்காங்க" என்றான் மருமகன். எனக்கு அதை ஒப்புக்கொள்ள மனம் துணியவில்லை. கையின் பழக்கமும் கருவிதான். அங்கேதான் அக்கா இருக்கிறாள் என்று பந்தயம் கட்டினால், அந்தக் கையும் ஓயும் நாளில் நாம் மறுபடியும் அதே கேள்வியோடு மருத்துவமனை வாசலில் நிற்போம். அந்த நாள் வந்தது. ஒருநாள் மொட்டுகளை உள்ளங்கையில் அள்ளி வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். நார் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. என்ன செய்வதென்று கைக்குத் தெரியவில்லை.

சித்தாந்தத்தில் ஐந்து அவத்தைகள், அதாவது உயிரின் ஐந்து நிலைகள், என்று ஒரு கணக்கு உண்டு. வகுப்பில் படித்த காலத்தில் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற சங்கதியாகத்தான் அது இருந்தது. நனவில் உயிருக்கு 35 கருவிகள் துணை நிற்கின்றன. கனவில் வெளிக்கருவிகள் பத்தும் கழன்று 25 ஆகின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் சித்தமும் பிராணனும் புருடனும் ஆக மூன்றுதான் மிச்சம். அதற்கும் கீழே துரியத்தில் சித்தமும் கழன்று இரண்டு. துரியாதீதத்தில் பிராணனும் ஒடுங்கி ஒன்று. மாண்டூக்கிய உபநிடதம் நான்காவது நிலையாகப் போற்றும் துரியத்தை இங்கே நினைத்துக்கொள்ளக்கூடாது. அது ஒளி நிறைந்தது. நான் சொல்லும் இந்த வரிசை, உயிர் கருவிகளை இழந்து இழந்து இருளுக்குள் இறங்கும் படிக்கட்டு. தினமும் நாமெல்லாம் இறங்கி ஏறுகிற படிக்கட்டுதான்.

அக்காவின் கட்டிலருகில் உட்கார்ந்திருந்த சாயங்காலங்களில் இந்தக் கணக்கு எனக்கு வேறு மாதிரிப் பட்டது. எதைக் கழித்தால் எது மிஞ்சும் என்று அந்தக் காலத்து ஆட்கள் இவ்வளவு நிதானமாக எண்ணி வைத்திருக்கிறார்களே. எண்ணியதோடு, எவ்வளவு கழித்தாலும் அந்தக் கடைசி ஒன்றைக் கழிக்க முடியாது என்று கைநாட்டுப் போட்டும் வைத்திருக்கிறார்கள். சித்தம் கழன்ற படியிலும் உயிர் இருக்கிறது. தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இருட்டுக்கு அஞ்சியவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. அதே சாந்தோக்கியத்தின் எட்டாம் அத்தியாயத்தில் இந்திரனே அஞ்சுகிறான். ஆன்மாவை அறிய வேண்டும் என்று அவனும் அசுரர் தலைவன் விரோசனனும் பிரஜாபதியிடம் போகிறார்கள். 32 வருஷம் காத்திருந்த பிறகு, தண்ணீரில் உன்னைப் பார் என்கிறார் அவர். உடம்புதான் ஆன்மா என்று எடுத்துக்கொண்டு விரோசனன் நிம்மதியாகப் போய்விடுகிறான். இந்திரன் பாதி வழியில் திரும்பி வருகிறான்: உடம்பு குருடானால் ஆன்மாவும் குருடா? இன்னும் 32 வருஷம். கனவில் உலவுகிறவனே ஆன்மா என்ற பதில். அதுவும் அவனுக்கு நிறையவில்லை. மறுபடியும் 32. கனவும் இல்லாமல் உறங்குகிறவனே ஆன்மா என்கிறார். அங்கேதான் இந்திரன் சொல்கிறான்: அந்த நிலையில் அவன் தன்னையும் அறியவில்லை, வேறெதையும் அறியவில்லை, அழிந்துபோனவன் மாதிரி இருக்கிறான், இதில் எனக்கு என்ன நன்மை? இன்னும் ஐந்து வருஷம் இருக்கச் சொல்கிறார் பிரஜாபதி. ஆக 101 வருஷம். அழிந்துபோனவன் மாதிரி என்று இந்திரன் பயந்ததும், அம்மா உள்ள இருக்காங்களா என்று என் மருமகன் கேட்டதும் ஒரே பயம்தான்.

அத்வைதிகள் இந்தப் பயத்துக்குச் சொல்லும் மருந்து அழகானது. நன்றாகத் தூங்கினேன், ஒன்றுமே தெரியவில்லை என்று விழித்ததும் சொல்கிறாயே; ஒன்றும் தெரியாமல் இருந்ததை உனக்குச் சொன்னது யார்? அங்கே ஒரு சாட்சி விழித்தே இருந்தது. அது தானே ஒளிர்வது, இரண்டில்லாதது, அதுவே நீ. இதை நான் மதிக்கிறேன். அக்காவின் நெற்றியைத் தடவிக்கொண்டு, உள்ளே ஒரு சாட்சி இமைக்காமல் இருக்கிறது என்று நினைத்தபோது ஆறுதலாகவே இருந்தது. ஆனால் அந்தச் சாட்சிக்கு நான் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. அதற்குக் குறையும் இல்லை, தேவையும் இல்லை. என் எதிரே படுத்திருந்தவளுக்கோ தேவை இருந்தது.

இந்த இடத்தில்தான் மெய்கண்டார் எனக்குக் கை கொடுத்தார். சித்தாந்தத்தின்படி உயிர் தானே ஒளிர்வது அல்ல. சடமும் அல்ல. அறிவித்தால் அறிவது. உணர்த்தினால் உணர்வது. கண்ணுக்குப் பார்க்கும் சக்தி உண்டு, ஆனால் வெளிச்சம் வந்து காட்டினால்தான் காணும். இருட்டில் வைத்தால் கண்ணும் இருட்டாகவே கிடக்கும். உயிரும் அப்படித்தான் எதைச் சார்ந்ததோ அதன் தன்மையாகவே நிற்கும். சார்ந்ததன் வண்ணமாதல் என்பார்கள். உயிரை மறைக்கும் அழுக்காகிய மலத்தைச் சார்ந்தால் மலம் போலவும் சிவத்தைச் சார்ந்தால் சிவம் போலவும் ஆகிற ஒன்று. ஆனாலும் மலமாகவே ஆகிவிடாது, சிவமாகவே ஆகிவிடாது. எதையும் சாராமல் தனியே நிற்கவும் அதற்குத் தெரியாது. இதை அதன் குறை என்று சிலர் சொல்வார்கள். அதன் இயல்பு என்பதுதான் சரி.

இதைப் படித்தவனுக்குக் கண்ணில் படும் சில விஷயங்கள், படிக்காதிருந்தால் பட்டிருக்குமோ என்னவோ. பேர் தெரியாத, ஊர் தெரியாத, கை வேலையும் மறந்த அக்கா, பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவர்கள் சாயலாக ஆனாள். போனில் யாரிடமோ சண்டை போட்டுவிட்டு வந்து மருமகள் கட்டிலில் உட்கார்ந்தால், அவள் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாலும் அக்காவின் விரல்கள் முந்தானையைப் பிய்க்க ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைக் கொண்டுவந்து பக்கத்தில் கிடத்தினால் முகச் சுருக்கம் விட்டுப்போகும். மருமகன் வங்கிக் கடனைப் பற்றி ஒரு மூலையில் கவலையோடு முணுமுணுத்துக்கொண்டிருந்த ராத்திரி அவள் தூங்கவே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து தேவாரத்தை மெதுவாகப் பாடினால் மூச்சு நீளும். சொல் அவளுக்கு எட்டியது என்று நான் சொல்ல மாட்டேன். எதுவோ எட்டியது.

இதற்கும் மூளையில் ஓர் இடம் உண்டு, உணர்ச்சியைப் பிடிக்கும் பகுதி பெயரைப் பிடிக்கும் பகுதியைவிட நீண்ட காலம் தாங்கும் என்று மருத்துவர் சொல்வார். சொல்லட்டும், அது சரியாகவே இருக்கட்டும். அதுவும் கருவிதான், ஒருநாள் அதுவும் ஓயும். அக்காவை வைத்து உயிரை நிரூபித்துவிட்டேன் என்று நான் பேசவில்லை. அந்த வேலைக்கு மூன்றாம் சூத்திரம் இருக்கிறது. அவளோடு எப்படிப் புழங்க வேண்டும் என்பது எனக்கு அங்கே விளங்கியது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நம் வீடுகளில் இப்படி ஒருவர் இருந்தால் வருகிறவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? கட்டிலில் குனிந்து, "என்னைத் தெரியுதா? யார் சொல்லுங்க பாப்போம்?" என்று கேட்கிறார்கள். அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் அது பரீட்சை. உணர்த்தினால் உணரும் உயிரிடம், தானாகவே உணர்ந்து சொல் என்று கேட்பது. அந்த முகத்தில் ஒரு கலவரம் வரும், உதடு ஏதோ தேடும், கிடைக்காது. வந்தவர், "பாவம், ஒண்ணும் தெரியல" என்று அவர்கள் தலைக்கு மேலேயே சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார். தெரியவில்லை என்பதை மட்டும் நன்றாகத் தெரிய வைத்துவிட்டுப் போகிறோம்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்தோம். யார் உள்ளே வந்தாலும், "அக்கா, நான் உன் தம்பி, வந்திருக்கேன்" என்று முதலில் தன்னை அறிவித்துக்கொள்ள வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். ஒரே நாளில் நாலு முறை வந்தாலும் நாலு முறையும் சொல்ல வேண்டும். என்னைச் சில நாள் "அப்பா" என்று கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை. எங்கள் அப்பா அவளை அதட்டிப் பேசியதே கிடையாது. அப்பாவின் சாயலில் அவள் அமைதியாக இருந்தாளானால் அந்தச் சார்பு நல்ல சார்பு. சோறு ஊட்டும் பெண்ணுக்கும் இதையேதான் சொன்னேன்: "இது ரசம் சாதம் பாட்டி, கொஞ்சம் சூடா இருக்கு" என்று சொல்லி ஊட்டம்மா, வாயைத் திறக்கச் சொல்லித் திணிக்காதே. அந்தப் பெண் சாத்திரம் எதுவும் படித்ததில்லை. சொன்ன அன்றிலிருந்து அப்படியே செய்கிறாள். என்னைவிடப் பொறுமையாகச் செய்கிறாள்.

அக்காவுக்கு எதிரில் அக்காவைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்தினோம். இதுதான் கஷ்டமாக இருந்தது. செலவு, டயப்பர், யார் ராத்திரி பார்த்துக்கொள்வது, இன்னும் எத்தனை நாள் என்று எல்லாமே கட்டிலைச் சுற்றித்தான் பேசப்படும். பேச வேண்டியவைதான், பேசாமல் குடும்பம் நடக்காது. திண்ணைக்கு வந்து பேசலாம். உள்ளே ஆள் இருக்கிறது என்று நாம் நம்புகிறோமா இல்லையா என்பது நாம் எங்கே நின்று பேசுகிறோம் என்பதில் தெரிந்துவிடும்.

சாத்திரம் படித்தவர்கள் என்னைத் தடுக்கலாம். உயிருக்கு உணர்த்துகிறவன் சிவன் ஒருவனே, நீயும் உன் மருமகளும் அல்ல என்று. உண்மைதான். ஆனால் அவன் எப்படி வந்து உணர்த்துகிறான் என்பதற்கு எட்டாம் சூத்திரம் இருக்கிறது. ஐம்புலன்களாகிய வேடர்களிடம் சிக்கி, தான் யார் என்பதை மறந்து வளர்ந்த அரசகுமாரன் போன்றது உயிர். இறைவனே குருவாக, மனித வடிவில் எதிரே வந்து நின்று, நீ இன்னார் என்று சொல்கிறான். அந்தச் சூத்திரத்தின்படி மறதிக்காரர்கள் கட்டிலில் படுத்திருப்பவர்கள் மட்டும் இல்லை. நாம் எல்லோருமே பேர் மறந்து வளர்ந்த பிள்ளைகள்தான். அக்காவின் மறதி வெளியே தெரிகிறது, நம்முடையது தெரியவில்லை. நமக்கும் யாரோ ஒருவர் எதிரே வந்து கையைப் பிடித்துச் சொன்னால்தான் உண்டு. பெரிய உணர்த்துதலுக்கு மனித வடிவம் வேண்டியிருக்கிறது என்றால், சின்ன உணர்த்துதல்களுக்கு நம் வாயும் கையும் பயன்படட்டுமே.

மருமகன் இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்டான். "சரி மாமா, இருக்காங்க. நான் பேசுறது அவங்களுக்குப் புரியல, நாளைக்கு ஞாபகமும் இருக்காது. நான் வந்து உக்காந்து என்ன பிரயோஜனம்?" நினைவில் நின்றால்தான் பயன் என்று நாம் எல்லோரும் பழகிப்போயிருக்கிறோம். அன்று சாயங்காலம் அவள் முகத்தில் சுருக்கம் இல்லாமல் இருந்தது என்றால் அந்தச் சாயங்காலம் அவளுக்கு நல்லபடியாகக் கழிந்தது. அது நாளைக்குக் கணக்கில் வராவிட்டால் நடக்காமல் போனதாக ஆகிவிடுமா? கைக்குழந்தையாக இருந்தபோது அவனை அவள் தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைத்த ராத்திரிகளில் ஒன்றுகூட அவனுக்கு நினைவில்லை. அவன் அவற்றால் ஆனவன். இதை அவனிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். இப்போது வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பெயரைச் சொல்லி, அன்றைய பேப்பரைச் சத்தமாகப் படிக்கிறான். விருத்தாசலம் செய்தி இருந்தால் இரண்டு தடவை.

சிவஞானபோதத்தின் கடைசிச் சூத்திரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் சூத்திரத்தில் உலகத்துக்கு ஒரு முதல்வன் உண்டு என்று தொடங்கி, உயிர், மலம், அவத்தை, ஞானம், பேறு என்று ஏறிக்கொண்டே போகிற நூல் அது. 11-ஆம் சூத்திரத்தில் உயிர் இறைவன் திருவடியைச் சேர்ந்துவிடுகிறது. அங்கேயே முடித்திருக்கலாம். மெய்கண்டார் முடிக்கவில்லை. 12-ஆவதில், ஞானம் பெற்றவன் மலத்தைக் கழுவிவிட்டு அன்பர்களோடு கூடி இருக்கட்டும், அவர்கள் வேடத்தையும் கோயிலையும் இறைவனாகவே தொழட்டும் என்கிறார். எல்லாம் கிடைத்தவனுக்கு இன்னும் எதற்குக் கூட்டு என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். ஞானம் வந்தாலும் உயிரின் இயல்பு மாறாது, அது சார்ந்துகொண்டேதான் இருக்கும், அதனால் நல்லவர்களைச் சாரச் சொல்கிறார் என்றார் ஆசிரியர். ஞானிக்கே பக்கத்தில் ஆள் வேண்டும் என்று மெய்கண்டார் நினைத்திருக்கிறார். இந்த வாரம் அக்காவின் பக்கத்தில் ராத்திரி யார் என்று இன்னும் முடிவாகவில்லை. வெள்ளியும் சனியும் நான் இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.